காவலுக்கு வந்தவர்கள் ஏன் கைகட்டி நிற்கிறார்கள்?



இம்மாதம் கோப்பாயிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் அங்குள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறும் இளம் சகோதரி. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்றிய குடும்பம் அவருடையது. போர் முடிந்தபின் உம்மம்மாவும் மூத்த மாமாவும் சோனகத் தெருவுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் பேத்தி கோப்பாயிலிருந்து பஸ் ஏறி உம்மம்மாவைப் பார்க்கப் போவார்.

உம்மம்மாவுக்கு வெற்றிலை. அகதி முகாமில் பசியையும் கவலையையும் ஒருசேர அடக்கிவைக்க அந்த வெற்றிலைதான் துணை நின்றது என்று அவர் சொல்வாராம். இப்போது இடப்பக்கக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண். எவரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார். சோற்றைக் குழைத்துக் கொடுத்தாலும் வாய் எரிகிறது என்று ஒதுக்கத் தொடங்கிய பிறகே வீட்டுக்குத் தெரியவந்தது. சதையில் சிறு துண்டு எடுத்துப் பயொப்ஸி பார்த்தார்கள். புற்றுநோய்தான்.

சகோதரி கேட்டிருப்பது இதுதான். அறிக்கையில் "டென்ஸ் லிம்போசைட்டிக் இன்ஃபில்ட்ரேட்" என்று ஒரு வரி இருந்ததாம். கட்டியைச் சுற்றி வெள்ளை அணுக்கள் அடர்த்தியாக வந்து கூடியிருக்கின்றன என்பது அதன் பொருள். உடலைக் காக்கும் படை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே அணுக்கள் அல்லவா அவை? படை வந்து நிற்கிற இடத்திலேயே புற்று எப்படி வளர்ந்தது? வந்தவை ஏன் கைகட்டி நிற்கின்றன? இது உம்மம்மாவுக்கு நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

நல்ல கேள்வி. உலகின் பெரிய ஆய்வுகூடங்களில் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வியும் இதுதான். அதனால் இம்முறை மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நம்முடைய உடலில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான அணுக்கள் பிறக்கின்றன. அவற்றில் சில தவறிப் பிறக்கும். தவறிப் பிறந்தவற்றை அடையாளம் கண்டு அழிப்பது நோய் எதிர்ப்புச் சக்தியின் வேலைகளில் ஒன்று. நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இதை நிர்ப்பீடனம் என்று படிக்கிறார்கள். இது வெறும் ஊகம் அல்ல. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டவர்களுக்கு, புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் காலமெல்லாம் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். காவலைத் தளர்த்தினால் திருடன் நுழைகிறான். ஆக, காவல் உண்மையாகவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் காவல் இருந்தும் கன்னத்தில் புற்று எப்படி? இதற்கு வெற்றிலைத் தட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாக்கைச் சீவி, சுண்ணாம்பு தடவி, புகையிலை கிள்ளி வைத்து மடித்து ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறோம். பாக்கில் அரிகோலின் என்று ஒரு காரப் பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு பட்டதும் அதன் வீரியம் கூடுகிறது. பாக்கின் நார் மென்தோலைக் கீறுகிறது. புகையிலையின் நஞ்சு கீறலுக்குள் இறங்குகிறது. உடல் இதை ஒரு காயமாகவே பார்க்கிறது. காயம் என்றால் வெள்ளை அணுக்கள் ஓடிவரும். அழுக்கை விழுங்கும் அணுக்கள் முதலில் வரும். கிழிந்ததைத் தைக்கும் நார் அணுக்கள் பிறகு வரும். எல்லாம் முடிந்ததும் "போதும், கலைந்து போங்கள்" என்று கட்டளை போடும் அணுக்களும் உண்டு. விரலில் கத்தி பட்டால் ஒரு வாரத்தில் இந்த வேலை முடிந்துவிடும்.

கன்னத்தில் மட்டும் அது முடிவதே இல்லை. காலையில் ஒன்று, லுஹர் தொழுதுவிட்டு ஒன்று, அஸருக்குப் பின் பக்கத்து வீட்டு மாமி வந்தால் இன்னொன்று. இருபது, முப்பது ஆண்டுகள் அதே இடத்தில் காயம், அதே இடத்தில் தையல். 1986இல் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் டுவோராக் புற்றுக்கட்டிகளை ஆறாத காயங்கள் என்று வர்ணித்தார். வெற்றிலை போடும் கன்னத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. காயம் ஆற்ற வந்த அணுக்கள் புதிய இரத்தக் குழாய்களைக் கட்டுகின்றன, வளர்ச்சியைத் தூண்டும் சுரப்புகளை ஊற்றுகின்றன. தவறிப் பிறந்த ஓர் அணு அங்கே தலைதூக்கிவிட்டால், காயத்துக்காக ஊற்றிய நீரும் உரமும் அந்தக் களைக்குப் போய்ச் சேருகின்றன.

யாழ்ப்பாணத்தில் அயலட்டம் என்று சொல்வார்கள் அல்லவா? ஒரு வீட்டின் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பதில் அயலட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புற்றுக்கட்டிக்கும் ஓர் அயலட்டம் இருக்கிறது. கட்டி என்று நாம் தொட்டுப் பார்ப்பதில் புற்று அணுக்கள் ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் நார் அணுக்கள், இரத்தக் குழாய்கள், விழுங்கும் அணுக்கள், போரிடும் அணுக்கள். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் புற்று அணுவை மட்டும் பார்ப்பதை விட்டு இந்த அயலைப் பார்க்கத் தொடங்கினார்கள். படை ஏன் கைகட்டி நிற்கிறது என்பதற்கு விடை கிடைத்ததும் அங்கேதான்.

அங்கே என்ன நடக்கிறது? போரிடும் அணுக்களில் முக்கியமானது டி அணு. பகைவனைத் தொட்டுப் பார்த்து அறிந்து துளைபோட்டுக் கொல்லும் திறமை அதற்கு இருக்கிறது. வாய்ப் புற்றின் அயலுக்கு அது வருகிறது. வந்ததும் முதல் தடை: நார் அணுக்கள் கட்டியைச் சுற்றி வேலி போட்டதுபோல் நாரைப் பின்னி வைத்திருக்கின்றன. சில டி அணுக்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே நுழைந்தவற்றுக்கு அடுத்த தடை: புற்று அணுக்கள் சர்க்கரையைப் பேராசையோடு விழுங்கிப் புளிப்பான கழிவை வெளியே கொட்டுகின்றன. உணவும் இல்லை, காற்றும் இல்லை, சுற்றிலும் புளிப்பு. அந்த நிலையில் டி அணு சோர்ந்து போகிறது. மூன்றாவதாக, சண்டையை நிறுத்தச் சொல்லும் சமாதான அணுக்களும் அங்கே நிறைய வந்து சேர்ந்துவிடுகின்றன. அழுக்கை விழுங்க வந்த அணுக்களில் பல கட்சி மாறிப் புற்றுக்கே தொண்டு செய்கின்றன.

எல்லாவற்றையும்விட வியப்பானது இனிமேல்தான். டி அணுவின் மேல் ஒரு பிரேக் இருக்கிறது. அதற்குப் பிடி-1 என்று பெயர். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹொஞ்சோவின் குழு 1992இல் அதைக் கண்டுபிடித்தது. அல்லாஹ் அந்தப் பிரேக்கை வீணாக வைக்கவில்லை. அது இல்லாவிட்டால் நம் காவற்படை நம் மூட்டையும் தோலையும் குடலையுமே தாக்கத் தொடங்கிவிடும். டி அணு சண்டையிடும்போது ஒரு சுரப்பை வெளியிடுகிறது. அந்தச் சுரப்பு பட்டதும் புற்று அணு சுதாரித்துக்கொண்டு, அந்தப் பிரேக்கை அழுத்தும் ஒரு பொருளைத் தன் மேல் முளைக்க வைக்கிறது. டி அணு கிட்ட வந்து தொட்டதும் பிரேக் விழுகிறது. தன்னுடைய அடியாலேயே பகைவன் கேடயம் தரித்துக்கொள்வதைப் போல! நம் சகோதரி கேட்டாரே, ஏன் கைகட்டி நிற்கின்றன என்று. அவற்றின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன.

இனி, அறிக்கையில் உள்ள அந்த வரி நல்லதா கெட்டதா? பொதுவாக நல்ல பக்கத்தைச் சேர்ந்தது. வாய்ப் புற்றுக்குள் கொல்லும் டி அணுக்கள் நிறைய இருந்த நோயாளிகள், அவை இல்லாதவர்களைவிட நன்றாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வந்தவை எந்த வகை, வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் அந்த ஒரு வரி சொல்லாது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். வைத்தியர்கள் முதலில் பார்ப்பது மூன்றை: கட்டியின் அகலம், அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா. அகலம் 2 சென்ரிமீற்றருக்குள்ளும் ஆழம் 5 மில்லிமீற்றருக்குள்ளும் இருந்து, கழுத்து சுத்தமாக இருந்தால் முதற்படி. கழுத்து நெறிகள் டி அணுக்கள் பயிற்சி பெறும் இடங்கள். புற்று அணுக்கள் முதலில் குடிபுகுவதும் அங்கேதான். எனவே சத்திரசிகிச்சையில் வாயோடு கழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்யப் பல வேளைகளில் சொல்வார்கள். "வாயில்தானே புண், கழுத்தை ஏன் வெட்ட வேண்டும்?" என்று மாமா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சகோதரி தன் கடிதத்தில் கோப்பாய்ச் செம்மண் தோட்டங்களில் புகையிலை நிற்பதைப் பார்த்துக்கொண்டே போய் வருவதாக எழுதியிருக்கிறார். அந்தப் புகையிலைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். அங்கே அதை வெற்றிலையோடு மென்றார்கள். குடாநாட்டில் எத்தனையோ கல்வீடுகள் அந்தக் காசில் எழும்பியவை. தோட்டக்காரரை நான் குறைசொல்ல வரவில்லை, அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள். ஆனால் அந்தத் திருவிதாங்கூரின் தலைநகரான திருவனந்தபுரத்திலிருந்தே நமக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தியும் வந்திருக்கிறது.

அங்குள்ள பிராந்தியப் புற்றுநோய் மையத்தார் 1996 முதல் 2004 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். அந்த ஊழியர்கள் வைத்தியர்கள் அல்லர், சாதாரணப் பட்டதாரிகள். பெரிய இயந்திரம் ஒன்றும் கிடையாது, கண்ணும் வெளிச்சமும்தான். மற்றப் பிரிவில் வழக்கமான வைத்திய வசதி மட்டும். 2005இல் முடிவு வெளியானது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றால் இறந்தவர்கள் மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 34 பங்கு குறைவு. வாயைத் திறந்து பார்த்ததற்கே இவ்வளவு!

ஏன் இப்படி? காவலின் கைகள் ஒரே நாளில் கட்டப்படுவதில்லை. வாய்ப் புற்று பெரும்பாலும் திடீரென்று முளைப்பதில்லை. அதற்கு முன்பே வெண்படலமோ செம்படலமோ தோன்றி ஆண்டுக்கணக்கில் இருக்கும். அந்தக் காலத்தில் காவற்படை இன்னும் தோற்றிருக்காது. படலங்களில் பல புற்றாக மாறாமலேயே இருந்துவிடும், வெற்றிலையை விட்டதும் சில மறைந்தும் போகும். அந்த நாட்களில் கண்டுபிடித்தால் சிறு சிகிச்சையோடு தப்பலாம். வலி வரும்வரை காத்திருப்பவர்கள் அந்த நாட்களைத் தவறவிடுகிறார்கள். தொடக்கத்தில் இது வலிக்காது. நம்மை ஏமாற்றுவதே அதுதான்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய்தான் முன்வரிசையில் நிற்கிறது என்பது தெரிந்ததே. சமன் வர்ணகுலசூரிய முதலானோர் செய்து 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு இது. 34 ஆரம்ப சுகாதார ஊழியர்கள் ஓர் ஆண்டில் 29,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேருக்குச் சந்தேகம் இருக்கிறது என்று பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். போனவர்கள் 660 பேர். மற்ற 560 பேர்? வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஏன் இருந்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. "பிறகு பார்க்கலாம்", "மகளுக்குக் கல்யாணம் முடியட்டும்", "கத்தி பட்டால் பரவிவிடும்". இந்தக் கடைசிப் பேச்சு நம் வீடுகளில் மிகவும் கெட்டியாக இருக்கிறது. பயொப்ஸிக்காகச் சிறு துண்டு எடுப்பதால் வாய்ப் புற்று பரவுவதில்லை. தாமதித்தால்தான் பரவும். பரவிய பிறகு கத்தி வைத்தவர்களைப் பார்த்துவிட்டுப் பழியைக் கத்தியின் மேல் போட்டுவிட்டார்கள் நம் முன்னோர்.

இன்னொரு பேச்சும் உண்டு: "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்." நம் பெண்கள் பலர் இப்படிச் சொல்லித் தம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். பிரான்ஸின் லியோன் நகரிலிருக்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. 2004இல் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், வெறும் பாக்கையுமே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகைக்காமல் மெல்லும் புகையிலைப் பொருள்களை நம் அரசாங்கம் 2016 செப்டம்பரில் தடை செய்தது. பாக்குக்குத் தடை ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டுத் தட்டத்தில் அது கௌரவமாகவே உட்கார்ந்திருக்கிறது.

பாக்கு செய்யும் வேறொரு கேடு வாயை இறுக்குவது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தோல்போல் தடித்து, நார் நாராகக் கையில் தட்டுப்படும். உறைப்பு பட்டாலே எரியும். நாளடைவில் வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். இதை 1952இல் முதன்முதலில் எழுதிவைத்தவர் ஷ்வார்ட்ஸ் என்ற வைத்தியர். கிழக்காபிரிக்காவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் அவர் இதைக் கண்டார். ஐவரும் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். காயத்தைத் தைக்க வந்த நார் அணுக்கள் தைப்பதை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே போவதால் வருவது இது. இறுகிய வாய் பழையபடி முழுதாகத் திறப்பது அரிது. கேரளத்தில் இந்நோய் கண்டவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குப் புற்றாக மாறியிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

மருந்துக்கு வருகிறேன். கட்டப்பட்ட கைகளை அவிழ்த்துவிட முடியுமா? முடிகிறது. அந்தப் பிரேக் விழாமல் இடையில் நின்று தடுக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. அதற்கு வழி திறந்ததற்காகத்தான் 2018இல் ஹொஞ்சோவுக்கும் அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றுக்கு 2016இல் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு மருந்துகளை அமெரிக்கா அனுமதித்தது. 2025 ஜூனில், சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்கிப் பின்னும் தொடரும் முறைக்கும் பெம்புரோலிசுமாபுக்கு அங்கே அனுமதி கிடைத்திருக்கிறது. கட்டியை வெட்டியெடுப்பதற்கு முன் டி அணுக்களை உசுப்பிவிட்டால், அவை பகைவனின் முகத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து.

இதைப் படித்துவிட்டு யாரும் நகையை விற்கக் கிளம்ப வேண்டாம். எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை. திரும்பி வந்த புற்றுக்கு நிவோலுமாபைத் தனியே கொடுத்துப் பார்த்த முதல் பெரிய சோதனையில், ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கே கட்டி கண்கூடாகச் சுருங்கியது. அவிழ்த்துவிட்ட படை சில வேளைகளில் வீட்டுக்காரரையே தாக்கும். தைரொயிட், நுரையீரல், குடல், தோல் எல்லாம் புண்படலாம். விலையோ நம் போன்றவர்கள் கேட்டாலே மயக்கம் வரும்.

அந்த விலையைப் பற்றித்தான் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை வைத்தியர்கள் யோசித்தார்கள். விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் முதலானோர். சத்திரசிகிச்சைக்கு வழியில்லாதபடி முற்றிப்போன, அல்லது திரும்பி வந்துவிட்ட தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேர். எல்லோருக்கும் விலை குறைந்த மூன்று மருந்துகளைச் சிறு அளவில் தொடர்ந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அத்துடன் நிவோலுமாபையும் சேர்த்தார்கள். ஆனால் எவ்வளவு? வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நிவோலுமாப் சேராத பிரிவில் நூற்றுக்கு 16.3 பேர் உயிரோடிருந்தார்கள். சேர்ந்த பிரிவில் நூற்றுக்கு 43.4 பேர். 2022 அக்டோபரில் இந்த முடிவு வெளியாயிற்று. பணக்கார நாடுகள் குறித்துக் கொடுத்த அளவை அப்படியே தலைமேல் வைத்துக்கொள்ளாமல், நம் ஏழைகளுக்கு எது கட்டுப்படியாகும் என்று கேட்டுப் பார்த்தவர்கள் இவர்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். இது முற்றிய நோய்க்கான கணக்கு. உம்மம்மாவின் நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியாமல் இந்த மருந்தைப் பற்றி வீட்டில் பேச்சைக் கிளப்ப வேண்டாம். முதற்படி, இரண்டாம்படியில் சத்திரசிகிச்சைதான் முதல் மருந்து.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்த மறுநாளே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாவும் பானமும் தூளும் வாசலுக்கு வந்துவிடும். சிபாரிசு செய்பவர் நெருங்கிய உறவாகவும் இருப்பார். மேலே எழுதியதை நினைத்துப் பாருங்கள். உம்மம்மாவின் கன்னத்தில் காவலுக்கு ஆள் குறைவில்லை, அறிக்கையே அடர்த்தி என்று சொல்கிறது. கட்டை அவிழ்ப்பதுதான் பிரச்சினை. எந்தத் தூளும் அதைச் செய்வதில்லை. தேனும் கருஞ்சீரகமும் நம் வீடுகளில் பரக்கத்தான பொருள்கள், சாப்பிடுங்கள். ஆனால் "இரண்டு மாதம் இதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று எவராவது சொன்னால், அந்த இரண்டு மாதமும் புற்றுக்குக் கொடுக்கும் தவணை. நோயாளிக்கு உண்மையாகவே உதவுவது வயிறு நிறையச் சத்தான சாப்பாடு. வாய் எரிந்தால் உறைப்பில்லாமல் முட்டை, மீன், பருப்பு, பால் என்று குழைத்துக் கொடுங்கள். சிகிச்சை தொடங்குமுன் சொத்தைப் பற்களைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். கதிர் சிகிச்சைக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் தொல்லை தரும்.

குடாநாட்டில் உள்ளவர்களுக்கு இப்போது ஓர் ஆறுதல் உண்டு. முன்பெல்லாம் வடக்கிலிருந்து மகரகமைக்குப் போய் வருவது பெரும்பாடு. 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தார்கள். இனம் மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. உம்மம்மாவைத் தெல்லிப்பழைக்குப் போகச் சொல்லியிருந்தால் தயங்காமல் போங்கள். அரசாங்க வைத்தியசாலை, கட்டணம் இல்லை. ஆண் வைத்தியர் வாயைப் பார்ப்பதற்கு உம்மம்மா கூச்சப்பட்டால் பெண் வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதற்காகக் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். உடல் நம்மிடம் உள்ள அமானிதம் என்று மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பேத்தி சொல்வதைவிட மகன் சொன்னால் சில உம்மாமார் கேட்பார்கள்.

உம்மம்மாவைத் திட்டாதீர்கள், சகோதரி. முகாமில் அவருக்குத் துணையிருந்த வெற்றிலையை இப்போது நோய்க்காரி என்று பழித்தால் அவருக்கு மனம் முறியும். ஆனால் வெற்றிலை இன்றோடு நிற்க வேண்டும். நோய் கண்டபின் நிறுத்தி என்ன பயன் என்பார்கள். தொடர்ந்து போட்டால் மற்றக் கன்னத்திலும் புதிதாக முளைக்க இடமுண்டு, சிகிச்சைப் புண்ணும் ஆறாது. வீட்டில் வேறு யாராவது போடுகிறார்களா? றமழான் மாதத்தில் ஸஹர் முதல் இஃப்தார்வரை வாயில் ஒன்றும் இல்லாமல் இருக்க முடிகிறதல்லவா? பகல் முழுதும் விட முடிந்தவருக்கு இரவிலும் விட முடியும். முதல் ஒரு வாரம் தலைவலியும் எரிச்சலும் வரும், பிறகு குறையும். கைக்கு ஏலமோ கராம்போ கொடுங்கள். தட்டத்தையும் பாக்குவெட்டியையும் பாக்குரலையும் கண்ணுக்குப் படாத இடத்தில் வையுங்கள்.

மற்றச் சகோதரிகளுக்கு: நாம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஒழு செய்கிறோம், வாய் கொப்புளிக்கிறோம். மாதத்தில் ஒரு நாள், கொப்புளித்த பிறகு வெளிச்சத்தில் கண்ணாடியின்முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். பெரியவர்களுக்கு நீங்கள் டோர்ச் பிடித்துப் பாருங்கள். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். துடைத்தாலும் போகாத வெண்மை, பட்டுப்போல் சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் உருண்டை. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், பல் வைத்தியரிடம் போக. வெண்மையைவிடச் சிவப்புக்குப் பயப்படுங்கள். நாக்கைத் தூக்கி அடியிலும், பக்கவாட்டில் இழுத்து ஓரங்களிலும் பார்க்க மறக்க வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்கி வைப்பார் என்று கேளுங்கள். அந்தக் கன்னத்தை முதலில் பாருங்கள்.